மெயினை அணைத்த பிறகும்

கல்யாணமாகிப் புது வீட்டுக்குக் குடி வந்த ஒன்பதாம் நாள் அவர் ஃபிரிட்ஜைக் கழற்றினார். பத்தாம் நாள் மின்விசிறியைக் கழற்றினார். பதினோராம் நாள் சுவிட்சுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வயர்களை வெளியே இழுத்துப் போட்டார். புது மனைவி அடுப்படி வாசலில் டீக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தொழிலில் கெட்டிக்காரர் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். தொழிலை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவார் என்று யாரும் சொல்லவில்லை.

"என்னங்க தேடறீங்க?"

"ஒரு சத்தம் வருது. மெல்லிசா, விசில் மாதிரி. உனக்குக் கேக்கலையா?"

"இல்லையே."

"எனக்குக் கேக்குது. அதான் தேடறேன்."

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் காதுக்காரர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதோரம் அழுத்திக்கொள்வார், கண்ணை மூடுவார். அரை நிமிஷம். "உள்ள தேஞ்சு போச்சு. ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். சரியாக இரண்டு மாதத்தில் அது நின்றுபோகும். மீட்டர் வைத்துப் பார்க்கும் மற்ற மெக்கானிக்குகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் செய்தால் மட்டும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு சத்தம் இருந்தால் அவருக்கு மானம் போகாதா?

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் படுத்துவிட்டாள். அவர் நாற்காலி போட்டு ஏறி மெயின் சுவிட்சையே அணைத்தார். வீடு ஒவ்வொரு அறையாக அடங்கியது. ஃபிரிட்ஜ் ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றது. விசிறி இன்னும் கொஞ்ச நேரம் தன் பாட்டுக்குச் சுற்றி, யோசித்து, நின்றது. தெருவில்கூட அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லை. வெளிச்சம் திரைச்சீலை வழியாக வடிந்து தரையில் தண்ணீர் மாதிரி கிடந்தது. கரண்ட் என்ற ஒன்றே இல்லாத அந்த வீட்டில், அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார். ஜன்னல் பக்கம் போனால் குறைந்தது. கட்டில் பக்கம் வந்தால் கூடியது. மண்டிபோட்டார். தலையணை. தலையணைக்கு மேல் அவள் முடி. முடிக்குப் பின்னால் அவளுடைய இடது காது.

குனிந்து தன் காதை அவள் காதோடு வைத்தார். அங்கேதான் இருந்தது. மெல்லிய, நேரான, எங்கும் அறுபடாத ஒரே சத்தம். யாரும் ஊதாத விசில். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரை நிமிஷம் என்று நினைத்தார். அவள் விழித்துப் பார்த்தபோது வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது.

"என்ன பண்றீங்க?"

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். "உன் காதுல இருந்துதான் வருது."

செய்தி மாமியாருக்கு எட்ட ஒரு நாள்தான் ஆனது. "என் பொண்ணு காதுல ரிப்பேர் இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்போம் மாப்பிள்ளை, நாங்க அப்படி மறைக்கற குடும்பம் இல்ல" என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டார். காதுக்காரர் வேறு வழியில்லாமல் டாக்டரிடம் கேட்டார். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் மருந்து ஃபிரிட்ஜை அவர்தான் பார்த்துவந்தார்.

டாக்டர் அவளுடைய காதுப் பக்கம் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் திருவிழாவில் தொலைந்து கிடைத்த குழந்தையின் முகமாக இருந்தது.

"காது சும்மா உக்காந்து கேக்கறதில்ல தெரியுமா? உள்ள இருக்கற செல்லுங்க சத்தத்துக்குக் கூடவே ஆடும். சில பேருக்கு ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தச் சத்தம் வெளிய கசிஞ்சுடுது. பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கற அளவுக்குக் கசியறது ரொம்ப அபூர்வம். நோய் இல்ல. காது நல்லா உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

"அவளுக்கு ஏன் கேக்க மாட்டேங்குது, டாக்டர்?"

"பிறந்ததுல இருந்து இருக்கறது யாருக்குக் கேக்கும்? அது பாட்டுக்குப் பாடட்டும் விடுங்க. நின்னாத்தான் கவலைப்படணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டர் அப்போதே மறந்திருப்பார். காதுக்காரர் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம். விடிகிற நேரத்தில் தெருவும் குழாயும் பால்வண்டியும் எழுந்திருக்கும் முன்னால், அவர் புரண்டு படுத்துத் தன் வலது காதை அவளுடைய இடது காதின் மேல் வைப்பார். "கேக்குதா?" என்பாள் அவள், பாதித் தூக்கத்தில். "கேக்குது" என்பார் அவர். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு நாள் தொடங்கும். காதும் காதும் வைத்தாற்போல் என்று ரகசியத்துக்குச் சொல்வார்கள். இவர்கள் விஷயத்தில் அது வெறும் பேச்சில்லை.

சண்டை போட்ட மறுநாளும் வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் கட்டிலைச் சுற்றி வந்து வைத்தார். மகள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, ஒரு நாள் தானும் காதை வைத்துப் பார்த்துவிட்டு "அம்மா காதுல கொசு" என்றாள். இப்போது அவள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அந்தச் சத்தத்தில் லயித்துக் கிடக்கும்போது சில நாள் அவருக்குக் கண் சொக்கிவிடும். அப்போதெல்லாம் ஒரே கனவுதான். முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீருக்குள் வரிசை வரிசையாக நாணல். காற்றே இல்லை, ஆனாலும் நாணல் எல்லாம் ஒன்றாகச் சாயும், நிமிரும். நடுவில் அவர் நிற்பார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். இது எந்த ஊர் என்று யாரிடமாவது கேட்க நினைப்பார். அதற்குள் பால்வண்டி வந்துவிடும்.

ஒரு நாள் காலை காதை வைத்தார். ஒன்றுமில்லை.

அழுத்தி வைத்தார். அவளுடைய தோளின் சூடு தெரிந்தது, மூச்சு தெரிந்தது. தலையணை உறை உரசுவது தெரிந்தது. அந்தச் சத்தம் மட்டும் இல்லை. மெயினை அணைத்த வீட்டில் நிற்பது போல இருந்தது அவருக்கு.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றார்.

நின்னாத்தான் கவலைப்படணும். பல் தேய்க்கும்போது அது மனசில் ஓடியது, சைக்கிளைத் துடைக்கும்போது ஓடியது. அவள் காது சாகிறது. அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, அவள் அச்சான தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவாள். காது போனால் அந்த வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, வேறு வேலை பார்க்கலாம். அவளுக்குள் பாடிக்கொண்டிருந்த ஒன்று, அவளுக்கே கேட்காத ஒன்று, தினமும் அவர் மட்டும் கேட்டுவந்த ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. அழுகை வந்தது. பட்டறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு அழுதார். ஆளுக்கு ஓர் இடம்.

தன்னால் முடிந்ததைச் செய்யலாம் என்று முடிவு செய்தார். மிச்சம் இருக்கும் காதையாவது காப்பாற்ற வேண்டும் அல்லவா? வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். மிக்சியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு அம்மிக்கல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று டிவியைச் சத்தமாக வைத்தார். அவளிடம் பேசும்போது குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார். பதிலுக்கு அவள் ஏதோ சொல்வாள், பாதி விளங்காது. பாவம், காது போனவர்களுக்குக் குரலும் இறங்கிவிடும் போல என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்.

மனுஷன் கெட்டிக்காரன்தான். தன்னைத் தவிர எல்லா மெஷினையும் சந்தேகப்படுகிற கெட்டிக்காரன்.

நடுவில் கடைத்தெருவில் ஒரு சம்பவம் நடந்தது. ஐஸ்கிரீம் கடைக்காரர் தன் பெரிய ஃப்ரீசரைப் பார்க்கக் கூப்பிட்டார். காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடி, "பூப்போல ஓடுது, கவலையே படாதீங்க" என்றார். நாலாம் நாள் அது புகைந்து நின்றது. "என்ன காதுக்காரரே, கீச்சு கீச்சுன்னு கத்துச்சே, எனக்கே கேட்டுச்சே" என்றார் கடைக்காரர். இப்போது வருகிற கம்ப்ரசரெல்லாம் தரமில்லை என்று காதுக்காரர் பத்து நிமிஷம் பேசினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இப்படியே ஐந்து மாதம். தினமும் விடியலில் காதை வைப்பதும், "கேக்குதா?" என்று அவள் கேட்பதும், "கேக்குது" என்று அவர் சொல்வதும் நடந்தது. பொய் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கனவு வரும். தண்ணீர் இருக்கும். நாணல்கள் பாதிக்கு மேல் மடிந்து கிடக்கும்.

கடைசியில் அவரால் தாங்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட ஒரு தடவை உன் காதைக் காட்டிட்டு வந்துடலாம்" என்று சொன்னார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"என் காதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாத்துக்கும் ஒரு சர்வீஸ் வேணும்ல."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரின் மாடிப்படியில் ஏறும்போது, "தொன்டை" என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து அவள் வழக்கம்போல் ஒரு பெருமூச்சு விட்டாள். இருபத்து மூன்று வருஷமாக அந்த இரண்டு சுழி 'ன' அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அவர்களைப் பின்புற அறைக்கு அனுப்பினார். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு வைத்துத் தைத்த அறை. கதவைச் சாத்தினால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும் என்பார்கள். அங்கே சோதனை செய்கிற பெண் இருபத்தைந்து வயதுக்காரி, ஜலதோஷம் பிடித்திருந்தாள். அமைதியான அறையிலேயே வேலை பார்ப்பதாலோ என்னவோ மிக மெதுவாகப் பேசினாள். இந்தப் பெண் ஏன் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறது என்று காதுக்காரர் எரிச்சல்பட்டார்.

"இவங்களுக்குத்தான் பாக்கணும்" என்று மனைவியைக் காட்டினார்.

அந்தப் பெண் மென்மையான ரப்பர் முனை ஒன்றை அவளுடைய இடது காதில் பொருத்தினாள். அதற்குள் தலைமுடியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மைக் இருந்தது. திரையில் புல்வெளி மாதிரி ஒரு கோடு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் புல்வெளியின் நடுவே ஒரே ஓர் ஊசி செங்குத்தாக எழுந்து நின்றது.

"ஐயோ அக்கா!" அந்தப் பெண் ஜலதோஷத்தை மறந்து எழுந்தேவிட்டாள். "உங்க காது பாடுது! இவ்வளவு பெருசா நான் பாத்ததே இல்ல!"

காதுக்காரருக்கு உயிர் வந்தது. "பாடுதா? திரும்பவும் வந்துடுச்சா? எங்க, எங்க?" என்று ஓடிவந்தார். ரப்பர் முனையை எடுக்கச் சொல்லி, குனிந்து, வலது காதை வைத்தார். ஒன்றுமில்லை. இடது காதை வைத்தார். சோதனைக்காரப் பெண்ணும் ஆவல் தாங்காமல் அந்தப் பக்கம் வந்து குனிந்தாள்.

"கேக்குதே" என்றாள் அவள், நிமிர்ந்து. "விசில் மாதிரி. நல்லாவே கேக்குதே சார்."

காதுக்காரர் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கும் ஒரு தடவை பாத்துடலாமா சார்?" என்றாள் அந்தப் பெண். இந்தத் தடவை அவளும் சத்தமாகத்தான் பேசினாள்.

அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் அடித்தொண்டைச் சத்தங்கள் வந்தன. அழுத்தினார். கொஞ்சம் மேலே. அழுத்தினார். இன்னும் மேலே போகப் போக, சத்தங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி நீண்டது. கண்ணை மூடினார். தண்ணீர் இருந்தது, வெதுவெதுப்பாக. அவர் நடந்தார். இந்தப் பக்கம் நாணல்கள் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் போகப் போக அடிக்கட்டைகள்தான். நெடுந்தூரத்துக்கு வெறும் தண்ணீர். இவ்வளவு நாள் இது அவளுடைய காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்தபோதுதான், இது தன் ஊர் என்று அவருக்குத் தெரிந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தார். முடிவுத் தாளில் ஒரு கோடு சமதளமாக வந்து, வலது பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. பிறகு அந்த ரப்பர் முனையை அவருடைய காதில் வைத்தார்கள். அது உள்ளே டிக்டிக் என்று தட்டிப் பார்க்கும், நல்ல காதாக இருந்தால் பதிலுக்குச் சத்தம் வரும் என்றாள் அந்தப் பெண். அந்தப் பள்ளத்துக்கு நேராக எந்தப் பதிலும் வரவில்லை.

"எத்தனை வருஷமா கம்ப்ரசர் சத்தத்துல வேலை பாக்கறீங்க?"

"முப்பது இருக்கும். குளிர்பதனக் கிடங்கு மெஷின் ரூம்லயும் பாத்திருக்கேன்." முடிவுத் தாளை அவளிடம் நீட்டினார். "எனக்கு இதைச் சரியா சொல்லும்மா. உள்ள என்ன கெட்டுப்போச்சு? பார்ட் பார்ட்டா சொல்லு."

அவள் அந்தத் தாளின் பின்பக்கம் நத்தை ஓடு ஒன்றை வரைந்தாள். "உள்ள இந்த மாதிரி சுருண்ட குழாய். அதுல தண்ணி. சத்தம் வந்தா தண்ணி அசையும். செல்லுங்க வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணு தலையிலயும் பொடிப்பொடி முடி. உயரம் கம்மியா இருக்கற முடியோட நுனியில இருந்து பக்கத்து உயர முடிக்கு ஒரு நூல் கட்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாத நூல். தண்ணி அசைஞ்சா முடி சாயும், நூல் இழுபடும். நூல் இழுத்தா ஒரு சின்னக் கதவு திறக்கும்."

"திறந்தா?"

"அந்தத் தண்ணி சாதாரணத் தண்ணி இல்ல சார், பேட்டரி மாதிரி சார்ஜ் ஏறி நிக்கற உப்புத்தண்ணி. கதவு திறந்ததும் சார்ஜ் உள்ள பாயும். அதுதான் கரண்ட். அது நரம்பு வழியா மூளைக்குப் போகும்."

"ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தா லைட் எரியுதே, அந்த சுவிட்ச்" என்றார் காதுக்காரர் மெதுவாக.

"அதேதான்! ஆனா ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடற கதவு. இதுல ஒரு வரிசை செல்லுங்க தபால்காரங்க, செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும். மிச்ச மூணு வரிசை ஆட்டக்காரங்க. சின்னச் சத்தத்தைத் தாங்களும் ஆடிப் பெருசாக்கிக் குடுக்கும். அக்கா காதுல வெளிய வர்றது அந்த ஆட்டம்தான். உங்களுக்கு மேல்சத்தத்துக்கான இடத்துல அந்த ஆட்டக்காரங்க போயிட்டாங்க. நெறைய சத்தத்துல முடியெல்லாம் ஒடிஞ்சுடும்."

"ஸ்பேர் கிடைக்குமா?"

"இல்ல சார். ஒரு காதுக்குப் பதினஞ்சாயிரம் செல், பிறக்கும்போது குடுத்தது அவ்வளவுதான். போனா முளைக்காது. மெஷின் மாட்டினா பேச்சு தெளிவாகும். ஆனா அக்கா காதுச் சத்தம் ரொம்பச் சன்னம். அது உங்களுக்கு இனிமே..." அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

காதுக்காரர் தலையை ஆட்டினார். பார்ட் கிடைக்காத மெஷினை எத்தனை பேரிடம் இதே மாதிரி தலையாட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இனி கடைத்தெருவில் எந்த முகத்தோடு ஸ்க்ரூடிரைவரை எடுப்பது? ஆனால் அதற்கும் அடியில் ஒரு நிம்மதி இருந்தது, அதை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை.

"உன் காதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மனைவியிடம். "என்னுதுதான் போச்சு. அஞ்சு மாசமா எனக்குக் கேக்கல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"யாருக்குக் காது குத்தறீங்க? முன்னாடியெல்லாம் காதை வச்சு, கொஞ்ச நேரம் இருந்துட்டு அப்புறம் 'கேக்குது'ம்பீங்க. இந்த அஞ்சு மாசமா நான் 'கேக்குதா'ன்னு முடிக்கறதுக்குள்ள 'கேக்குது'ங்கறீங்க. படிக்காமலே 'பிழையில்லை'ன்னு கையெழுத்துப் போடற ஆளை நான் தினம் பாக்கறேன்." அவள் குரல் இறங்கியது, பிறகு அவருக்காக உயர்ந்தது. "உங்க காதுதான்னும் தெரியும். டிவி கத்தற கத்துலயே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பிறகு அவள் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, என் காதுல வர்றது என்ன சத்தம்? எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுவியா? நான் கேட்டதே இல்ல."

சோதனைக்காரப் பெண் திரையில் நின்ற ஊசியின் எண்ணைப் பார்த்து, மெஷினில் அதே எண்ணை வைத்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள். அவள் கண்ணை மூடினாள். நாற்பத்தெட்டு வருஷமாகத் தன் தலைக்குள் இருந்த சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

"இதுக்காகவா புது ஃபிரிட்ஜைக் கழட்டுனீங்க!"

சிரித்து முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் வைத்தாள். "இதையே கீழ இறக்கிப் போடும்மா. அதே சத்தமா இருக்கணும், ஆனா கீழ."

"எண்ணைப் பாதியாக்கினா அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழ வரும் அக்கா."

பாதியாக்கினாள். காதுக்காரர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். மறுபடி பாதி. அவர் நெற்றி சுருங்கியது. மறுபடி பாதி. கை தானாக அழுத்தியது. அழுத்திய பொத்தானை அவர் விடவே இல்லை.

"அதை எனக்கு இன்னொரு தடவை போடு" என்றாள் மனைவி.

அன்று பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வாயை மூடிக்கொண்டு தனக்குள் எதையோ முனகிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தாலாட்டு பாடி மகளை எழுப்பிவிட்ட தாய் அவள்.

மறுநாள் விடிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் வானம் பால்நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. காதுக்காரர் விழித்துத்தான் இருந்தார். புரண்டு படுக்கவில்லை. எதற்குப் புரள வேண்டும்? இருபத்து மூன்று வருஷப் பழக்கம் உடம்புக்குள் எழுந்து, போக இடமில்லாமல் அப்படியே நின்றது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கட்டில் அசைந்தது. அவள்தான் புரண்டாள். அவருடைய வலது காதோடு உதட்டை வைத்தாள். மூச்சின் சூடு முதலில் வந்தது. அதன் பின்னால், மூடிய வாய்க்குள்ளிருந்து, ஒரே சுரம். மெல்லிசாக, நேராக. காதுக்காரர் கண்ணை மூடினார். தண்ணீர் வந்தது. ஒடிந்த பக்கம் ஒடிந்தே கிடந்தது. இந்தப் பக்கம் மிச்சமிருந்த நாணல்கள் தலையை அசைத்தன. முடி சாய்ந்தது, நூல் இழுபட்டது, எங்கோ ஒரு சின்னக் கதவு திறந்து, அவருக்குள் விளக்கு எரிந்தது.

"கேக்குதா?" என்றாள்.

அவள் மூச்செடுத்து மறுபடி முனகினாள். அவர் காதைக் கொடுத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். பால்வண்டி வந்து போயிற்று. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"கேக்குது" என்றார் கடைசியில். "ஆனா கொஞ்சம் ஏறிடுச்சு. உன்னுது இவ்வளவு மேல இல்ல. இன்னும் ஒரு மயிரிழை கீழ."

இருபத்தைந்து வருஷமாக ஊரார் பிழையைத் திருத்துகிறவள், அவர் காதருகிலேயே சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு மயிரிழை இறக்கினாள்.

"அதுதான்" என்றார் அவர்.